பொய் சொல்லாத ஸ்பீக்கர்

மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, ஸ்பீக்கர் விமர்சன வீடியோக்களில் இருபத்து மூன்றாவதைப் பார்த்து முடித்த கமலநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் அறிவிக்கப் போகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"ராணி, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சாப்பாட்டுக்கு வந்தா போதும்," என்றது சமையலறை.

கமலநாதன் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, கோப்பு எழுதும் வேலை. வயது ஐம்பத்து மூன்று. மலேசியாவின் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதாகக் கிடைத்த ஞாயிறை என்ன செய்வது என்று ஊரில் பலருக்குத் தெரியவில்லை. கமலநாதனுக்குத் தெரிந்தது. பாடகராகிவிடுவது.

ஒரு வகையில் ஏற்கெனவே பாடகர்தான். தம்போய்க் கடைவீதியில் ஒரு கரோக்கே கடை. சனிக்கிழமை தவறாமல் அங்கே பாடுவார். அந்தக் கடை மைக்கில் எக்கோ திருகு எப்போதும் கடைசிவரை முறுக்கியே இருக்கும். ஒரு வரி பாடினால் நான்கு கமலநாதன்கள் பாடுவார்கள். முதல் ஆள் எங்கே சறுக்கினான் என்பதை மற்ற மூவரும் சேர்ந்து மறைத்துவிடுவார்கள். கைதட்டலுக்கும் எக்கோ உண்டு.

வீட்டில் ஓர் அறை காலி. மகள் ரூபினி சிங்கப்பூரில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அந்த அறைக்கு ஜனவரியிலிருந்து இரண்டு மனுக்கள் நிலுவையில் இருந்தன. கமலநாதனுக்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும். மனைவி செல்வராணிக்குச் சேலை வைக்க இடம் வேண்டும். போனில் நேரலை போட்டுச் சேலை விற்பவள் அவள். சரக்கு கட்டிலுக்கு அடியிலும், அலமாரிக்கு மேலேயும், பழுதாகிப்போன வாஷிங் மிஷினுக்குள்ளும் இருந்தது. அவள் ஹாலில் நின்று விற்கும் நேரம் பார்த்து உள்ளேயிருந்து இவர் சாதகம் செய்வார். "அக்கா, வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பார்கள்.

மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் வீட்டுத் தலைவருக்கு. வீட்டுத் தலைவர் யார் என்பதில்தான் தெளிவில்லை.

"ஸ்டூடியோ மானிட்டர் வாங்கப் போறேன்," என்றார் கமலநாதன்.

"வீட்லதான் டிவி இருக்கே."

"திரை இல்லலா, ஸ்பீக்கர். சாதா ஸ்பீக்கர் பாஸைக் கூட்டி, சீனி தூவிக் கொடுக்கும். மானிட்டர் அப்படி இல்ல. பாடினது எப்படியோ அப்படியே காட்டும். பொய்யே சொல்லாது."

"அப்படியா?"

"பாட்டுக்கு அது நீதிபதி மாதிரி."

இதற்கு மேல் வரப்போகும் சண்டைக்கு அவர் ஆறு பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். விலைக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, மானத்துக்கு ஒன்று, அவளுடைய அண்ணனைப் பற்றி இரண்டு.

"வாங்குங்க," என்றாள் செல்வராணி.

ஆறுக்கும் வேலை இல்லாமல் போனது.

"என்ன சொன்ன?"

"வாங்குங்கன்னேன். ஆனா ஒரு ஒப்பந்தம். அந்த ரூம்ல நீங்க ஒரு பாட்டு பதிவு பண்ணுங்க. அந்த ஸ்பீக்கர்லயே போட்டுக் கேளுங்க. நல்லா இருக்குன்னா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு."

"நல்லா இருக்குன்னு யார் சொல்லணும்?"

"நீங்கதான்."

"நீ?"

"நல்லா இருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

தன் வழக்குக்குத் தானே நீதிபதி. கமலநாதன் உடனே கை கொடுத்தார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவருக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம் அன்று வரவில்லை.

எந்த மானிட்டர் என்பதைத் தீர்மானிக்கப் பக்கத்து வீட்டு ரோலண்ட் அழைக்கப்பட்டார். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு மைக்செட் பார்ப்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"எட்டு இஞ்ச் ஒரு ஜோடி எடுக்கலாம்னு இருக்கேன், ரோலண்ட்."

"அண்ணே, உங்க ரூம் பத்தடிக்குப் பத்தடி. எட்டு இஞ்ச் வச்சா பாஸ் வெளிய போக வழியில்லாம சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும். நாலாவது வீட்டு அம்மா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க."

"அப்ப மூணரை இஞ்ச்?"

"அதுல கீழ்ச் சுரம் சரியா கேக்காது."

"எனக்குக் கீழ்ச் சுரம் முக்கியம்."

"தெரியும்ணே. மேல போகும்போதுகூட நீங்க அங்கதான் இருப்பீங்க."

செல்வராணி துணி காயப்போட வந்தாள். "ரோலண்ட், இருக்கறதுலேயே கொஞ்சம்கூடப் பூசி மெழுகாதது எது?"

"அஞ்சு இஞ்ச்ல ஒண்ணு இருக்குக்கா. ஜோடி விலை ஆயிரம் வெள்ளிக்குள்ள வரும். முகத்துக்கு நேரா சொல்லிடும். தயவு தாட்சண்யமே கிடையாது."

"அதையே எடுத்துடுங்க," என்றாள் கணவனிடம்.

மனைவிக்கும் இசையில் ஈடுபாடு வந்துவிட்டது என்று கமலநாதனுக்குக் கண் கலங்கியது.

மானிட்டர்கள் வந்தன. அடுத்த நான்கு வாரம் தம்போயில் அவர் கண்ணில் பட்டவர்கள் தப்பவில்லை. அலுவலகத்தில் சொன்னார். கரோக்கே கடையில் சொன்னார். ரொட்டி சானாய்க் கடையில், மாவை வீசிக்கொண்டிருந்த மனிதரை நிறுத்தி வைத்துச் சொன்னார். "ஆள் பொய் சொல்லுவான். மானிட்டர் பொய் சொல்லாது." காரின் பின்னால் எழுதி ஒட்டாததுதான் பாக்கி.

அறையில் ஒரு சிக்கல் இருந்தது. ரோலண்ட் நடுவில் நின்று கையைத் தட்டினார். சத்தம் நான்கு சுவரையும் சுற்றிவிட்டு ஆற அமரத் திரும்பி வந்தது.

"அலமாக்! குளியலறை மாதிரி இருக்குண்ணே. சுவத்தோரம் மெத்து மெத்துன்னு ஏதாவது வேணும். ஃபோம், இல்லைன்னா கனமான துணி."

ஃபோம் விலையை விசாரித்தார்கள். அறை முழுவதுக்கும் வாங்கினால் ஸ்பீக்கரின் விலையைத் தாண்டியது.

"துணிதானே?" என்றாள் செல்வராணி. "என்கிட்ட இருக்கு."

ஒரே மாலைக்குள் மூன்று சுவரையும் ஒட்டி ஆளுயர அடுக்குகள் வந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்தது, அலமாரிக்கு மேல் இருந்தது, வாஷிங் மிஷினுக்குள் இருந்தது, எல்லாம் அறைக்குள் வந்தது. இருநூற்றுப் பத்து சேலைகள். ரோலண்ட் மறுபடி கையைத் தட்டினார். சத்தம் அங்கேயே விழுந்து செத்தது. அந்த வீட்டில் சேலையால் சத்தம் வருவதுதான் வழக்கம். அடங்கியது அதுதான் முதல் தடவை.

"தற்காலிகமாத்தானே?" என்று கேட்டுக்கொண்டார் கமலநாதன்.

"ஒப்பந்தப்படிதாங்க," என்றாள்.

ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிறு, பதிவு நடந்தது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, வேர்க்க விறுவிறுக்கப் பாடினார். பழைய காதல் பாட்டு. பாடி முடித்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பிறகு செல்வராணியின் அளவு நாடாவை வாங்கி, இரண்டு ஸ்பீக்கருக்கும் தன் தலைக்கும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அளந்து, நட்டநடுவில் உட்கார்ந்தார். ரோலண்ட் பாட்டைப் போட்டார்.

யாரோ ஒருவர் பாடினார்.

குரல் கமலநாதனுடையது மாதிரிதான் இருந்தது. சுருதி பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருந்தது. வரிக்கு வரி மூச்சு வாங்கியது, பழைய லோரி மேடு ஏறுவதைப்போல. சரணத்தின் உச்சியில் ஒரு பூனை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. யாரும் எழுந்து பூனையைத் தேடவில்லை.

பாட்டு முடிந்தது. எக்கோ இல்லாததால் அமைதி உடனே வந்தது.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு," என்றார் கமலநாதன்.

ரோலண்ட் கம்பிகளைக் கழற்றி, இடது ஸ்பீக்கருக்குப் போனதை வலதுக்கு மாற்றி மறுபடி போட்டார். "கோளாறு இடம் மாறலண்ணே. நடுவுலதான் இருக்கு."

நடுவில் கமலநாதன் இருந்தார்.

"சரக்குல கோளாறுன்னா திருப்பிக் கொடுத்துடலாங்க," என்றாள் செல்வராணி. "எதுக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசிப் பாக்கறேனே."

மைக்கின் முன் நின்றாள். "வணக்கம் சகோதரிகளே. இந்தச் சேலையப் பாருங்க. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். பத்து தடவை துவைச்சாலும் சாயம் போகாது."

ரோலண்ட் அதைப் போட்டார். ஸ்பீக்கர்கள் இரண்டும் மறைந்துபோய், அவளே எதிரில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அரக்கு பார்டர் கண்ணுக்குத் தெரிந்தது. கமலநாதனுக்கே ஒன்று எடுக்கலாம் போலிருந்தது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குண்ணே," என்றார் ரோலண்ட், தரையைப் பார்த்து.

இருவரும் கமலநாதனைப் பார்த்தார்கள். அவர்தான் நீதிபதி. பாட்டு நல்லா இருக்கிறது என்று சொன்னால், ஸ்பீக்கர் பொய் சொல்கிறது என்று ஆகும். ஸ்பீக்கர் பொய் சொல்லாது என்பது தம்போய் முழுக்கத் தெரிந்த விஷயம். ரொட்டி சானாய் போடுகிறவர்வரை தெரியும். சொன்னதும் அவரேதான்.

செல்வராணி பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தத்தில் அவள் சுத்தம்.

கமலநாதன் சேலை அடுக்குகளை வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார்.

"ரூமுக்கு இந்தச் சேலைங்ககூட எடுப்பாத்தான் இருக்கு," என்றார்.

மைக் அணைக்கப்படவில்லை. தீர்ப்பும் பதிவாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து வேலியோரம் ரோலண்டைப் பிடித்தார்.

"ஏன் ரோலண்ட், பிப்ரவரில நீதானே எனக்கு அந்த முதல் மானிட்டர் வீடியோவ அனுப்பின? நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன்."

"நான்தான் அனுப்பினேன். ஆனா நானா அனுப்பல."

"பின்ன?"

ரோலண்ட் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார். "அக்கா ஜனவரியிலயே கேட்டாங்கண்ணே. 'அவர் பாடறத அவர் காதுல போடறதுக்கு ஏதாவது மிஷின் இருக்கா? நான் சொன்னா வருத்தப்படுவாரு'ன்னு. இருக்குக்கா, ஆனா விலையாச்சேன்னேன். 'பரவால்ல, அவரே வாங்கிக்குவாரு'ன்னாங்க."

கமலநாதன் விடுவிடென்று வீட்டுக்குள் போனார். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற வேகம். செல்வராணி அறையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்களா? அந்த முனையப் பிடிங்க. மடிக்கணும். முந்தானை வெளிப்பக்கம் வரணும்."

பிடித்தார்.

அவர் மனம் நோகக்கூடாது என்று நேரலையில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கினாள். சேலை விலைபோனதும் மைக்கில் "சோல்ட்" என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தைதான். ஆனால் ஸ்டூடியோ மைக்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில், செல்வராணியின் நேரலை காலை பதினொரு மணிக்குத் தொடங்கியது. நாற்பத்தொரு சேலை விற்றது. கமலநாதன் நாற்பத்தொரு முறை "சோல்ட்" என்றார். அதில் இரண்டு முறை சுருதி விலகியது.