பஞ்சுவுக்கு நேர்ந்த மொட்டை

எப்படியாவது அந்த டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவிடுவது என்று சண்முகையா சபதம் எடுத்துக்கொண்டார். ஆனி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம். சங்கரன்கோவிலுக்கு அதில் பங்கு வெறும் புழுதிக்காற்றுதான்.

ஃபேன் அவர் வாங்கியது. காற்று மட்டும் பஞ்சுவுக்கு. பஞ்சு என்பது அவர் மனைவி கோமதித்தாய் வளர்க்கும் சடைநாய், மதுரையிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. கோடை முழுக்க அதற்கு ராஜ உபசாரம். குடிக்க மண்சட்டியில் பானைத் தண்ணீர், சாப்பிட மோர்ச்சோறு, படுக்க நனைத்த சாக்கு, தலைமாட்டில் ஃபேன்.

"ஏட்டி, கட்டுன புருஷன் இங்கன வேர்த்து ஊத்திக் கெடக்கேன். நாய்க்கு ஃபேனா?"

"அதுக்கு ஒடம்பெல்லாம் முடி. கழட்டியா வைக்க முடியும்? நீங்க பனியனக் கழட்டுங்க."

அங்கேதான் அவருக்கு யோசனை பிறந்தது. முடி இருப்பதால்தானே ஃபேன்?

ஞாயிற்றுக்கிழமை கோமதித்தாய் ஒரு வளைகாப்புக்காகச் சிவகிரிக்கு பஸ் ஏறினாள். அடுத்த கால்மணி நேரத்தில் சண்முகையா பஸ் ஸ்டாண்டு சலூனில் நின்றார். சலூன்காரர் இசக்கிப்பாண்டிக்கு அவர்மேல் தனி மரியாதை. நாற்பத்தாறு வயதிலும் நெற்றியில் வந்து விழுகிற சுருட்டை முடி அவருக்கு. அவர் வேலை பார்க்கும் நெசவாளர் சங்கத்து ஆபீஸில் மற்ற எல்லாருக்கும் மண்டை வழுக்கையாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே குரூப் போட்டோ எடுக்கப்போகிறார்கள். முன்வரிசையில் தனக்கு நாற்காலி கிடைப்பதே இந்த முடிக்காகத்தான் என்பது அவர் நம்பிக்கை.

"நாய்க்கா?" இசக்கிப்பாண்டி கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். "கடைப் பேரு கெட்டுரும் அண்ணாச்சி."

"யாருக்குவே தெரியப்போகுது? வாயில்லா சீவன். வெயிலுக்கு எதமா இருக்கும்."

பழைய கத்திரி ஒன்றோடு இசக்கிப்பாண்டி வீட்டுக்கு வந்தார். அரைமணி நேர வேலை. முடிந்தபோது நாய் என்று சொல்ல ஒரு பெரிய தலையும், அதன் பின்னால் தோலுரித்த மாதிரி ஒரு ரோஸ் உடம்பும் மிச்சம் இருந்தன. பஞ்சு அவரை ஒருதரம் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் போய், சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சண்முகையா ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். காற்று வந்தது. தூக்கம் வரவில்லை. பிஸ்கட்டைக் காட்டினார், பஞ்சு திரும்பவில்லை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. நடுத்தெருவில் ஒருத்தன் வேட்டியை உருவிவிட்டு, அவன் எதிரிலேயே விசிறிக்கொண்டு படுத்திருப்பது போல் இருந்தது. எழுந்து ஃபேனைத் தரையில் இறக்கி, கட்டிலுக்கு அடியில் காற்றுப் போகும்படி வைத்தார். அப்புறம் வேர்வையில் நனைந்தபடி மூன்று மணிநேரம் தப்பை ஒத்துக்கொள்ள ஒத்திகை பார்த்தார்.

சாயங்காலம் கோமதித்தாய் வந்தாள். நேரே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்ன இது?"

ஒத்திகை எல்லாம் பறந்துபோயிற்று. வாய் தன்னால் வேறு ஒன்றைச் சொல்லிற்று.

"நீ போன பெறகு மயங்கி விழுந்துட்டு, கோமதி. வாயெல்லாம் நொரை. அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன், பொழைச்சா மொட்டை போடுதேன்னு. ஒடனே கண்ணத் தொறந்துட்டு. சொன்ன வாக்கத் தள்ளிப்போடக் கூடாதுன்னு..."

கோமதித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம் பஞ்சுவுக்காகவா? ஒங்களப் போயி நான் என்னவெல்லாம் நெனச்சேன்!" என்றவள் வாசலுக்குப் போய், "தங்கத்தாயக்கா!" என்று எதிர்வீட்டைக் கூப்பிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் பாதித் தெரு வாசலில் நின்றது. "நாய்க்குப் போயி நேர்ந்திருக்காகளே, என்ன மனசு!" என்றார்கள். "எங்க வீட்டு ஆளு எனக்குக்கூட நேர்ந்ததில்ல" என்றாள் ஒருத்தி. ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. சண்முகையா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த முடிய எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் கோமதித்தாய்.

"எந்த முடி?"

"சாமிக்குச் சேர வேண்டிய முடி."

"அது... ஓடையில போட்டுட்டேன்."

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"நேர்ந்த முடிய ஓடையிலயா?" தங்கத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா சும்மா விடுவாளா?"

"அப்ப மறுபடி பஞ்சுவக் கூட்டிட்டுப் போயி..." என்று இழுத்தார் சண்முகையா.

"கோயிலுக்குள்ள நாய விடுவாகளா? விட்டாலும் எடுக்கதுக்கு இன்னும் என்ன இருக்கு?" என்றாள் தங்கத்தாய்.

"நேர்ந்தவுக தலைதான் இருக்கு," என்றாள் கோமதித்தாய், மெதுவாக.

சண்முகையாவின் கை தன்னால் தலைக்குப் போயிற்று. "வெள்ளிக்கிழம போட்டோ, கோமதி..."

"அம்மனவிட போட்டோ பெருசா?"

சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடி தப்பிவிடும். வாயைத் திறந்தார். மனசைப் புகழ்ந்த தெரு மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கோயில் முடியெடுக்கிற கொட்டகையில் சுருட்டை சுருட்டையாக எல்லாம் மடியில் விழுந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் ரதவீதியைக் கடந்தார். வீட்டில் கோமதித்தாய் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சுவின் சிவந்த தோலில் தடவிக்கொண்டிருந்தாள்.

"அதோட முடிதான் அதுக்குக் குடை. வெயில் தோல்ல படாம தடுக்கதே அதுதான். சிக்கெடுத்துச் சீவிவிட்டாப் போதும், வெட்டக் கூடாது," என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சண்முகையா, தலை குனிந்தபடி. பஞ்சு மெல்ல வந்து அவர் மொட்டைத் தலையை மோந்து பார்த்தது. பிறகு காலடியில் படுத்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கோமதித்தாய் ஃபேனைப் பஞ்சுவின் பக்கம் நகர்த்தினாள். மிச்ச மண்ணை அள்ளி அவர் மண்டையில் வைத்து, அழுத்தித் தேய்த்தாள்.

"நேத்து பஸ்ஸ விட்டு எறங்குனதுமே இசக்கிப்பாண்டி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எப்படி, வெயிலுக்கு எதமா இருக்கா?"