பெரியவளின் சிவப்புக் காலுறை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்களும் இரட்டைப் பேத்திகள் இருவரும் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும், அதைப் பற்றிய சம்பந்தியம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நேற்று தொலைபேசியில், "பால் குடிக்கிற புள்ளைக்கு எதுக்கு ஹார்ட் மருந்து? மொதல்ல அதை நிறுத்துங்க சம்பந்தி" என்றீர்கள். அப்போது மடியில் ஒரு பேத்தி, தோளில் ஒரு பேத்தி, இரண்டு பக்கமும் கச்சேரி. அதனால்தான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

பெரியவளின் இமையில் இருந்த சிவப்பு மச்சம் பிறந்தபோது கொசுக்கடி அளவுதான். பிறகு அது புடைத்துப் புடைத்து ஒரு கண்ணைப் பாதி மூடிவிட்டது. இரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் கூடி வளர்ந்த கட்டி, கெட்ட கட்டி இல்லை, விட்டால் சில வருடங்களில் தானாகவே வாடிவிடும் என்றார் டாக்டரம்மா. அப்படியானால் விட்டுவிடலாமே என்று நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன். "அதுவரைக்கும் கண்ணு காத்திருக்காது சார். பாக்காத கண்ணு பாக்கக் கத்துக்காது" என்றார். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக அலைந்த வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? நீங்கள் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிறீர்களே, அந்த இனத்து மருந்துதான் இதுவும். உங்களுக்கு மாத்திரை, அவளுக்கு எடைக்குத் தக்க சில சொட்டு. அது அந்தக் குழாய்களையும் சுருக்கிவிடுகிறது. ஒரே சாக்பீஸ் கணக்கும் போடும், பூனையும் வரையும், அதுபோலத்தான். முதல் வேளையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து, நாடி பார்த்து, பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காலை வேளை மருந்து என் மகள் பொறுப்பு, மாலை வேளை என் பொறுப்பு. வயிறு நிறையப் பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். குடிக்காவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை கிடையாது. துப்பினால் மறுபடி கொடுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சுலபம். இந்தப் புட்டியைக் குலுக்கக் கூடாது என்பதுதான் கஷ்டம். எந்த மருந்தைக் கண்டாலும் தானாகக் குலுக்கும் கை இது. ஆகவே என் மனைவி புட்டியைத் திறந்து ஊசியில்லாத பீச்சுக்குழலில் அளந்து எடுக்கும்வரை நான் தண்டனை பெற்ற மாணவன்போல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மருந்து நன்றாக வேலை செய்துவிட்டது. புடைப்பு அமுங்கி, நிறம் மங்கி, மிச்சம் இமை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அந்தச் சிவப்பை வைத்துத்தானே நாம் பெரியவள், சின்னவள் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்! போன வாரம் மருந்தை வாயருகே கொண்டுபோனபோது என் மனைவி, "இது யாரு?" என்றாள். பெரியவள்தான் என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மத்தியானம் இவளையேதான் சின்னவன்னு கொஞ்சினீங்க" என்றாள். பீச்சுக்குழலைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு நாடியை இறக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு யாருக்குப் பதில் சொல்வது? நல்லவேளையாகத் தொட்டிலில் கிடந்தவள் வீறிட்டு அழுதாள். அழுதால் அந்த இடத்துக்கு இரத்தம் ஏறும். இமை சிவந்தது. பெரியவள் அவள்.

என் மகளைக் கேட்டால் தூக்கத்திலும் சரியாகச் சொல்வாள். ஆனால் கேட்டால் என் பதவி போய்விடும். ஆகவே மறுநாள் காலை, அவள் மருந்து கொடுத்து முடித்த கையோடு, அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒரு ஜோடி சிவப்புக் காலுறை மாட்டிவிட்டேன். இமையை விட்டுப் போன சிவப்பு காலுக்கு வந்துவிட்டது. குளிருக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். ரகசியம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். உங்கள் மகனிடம் சொல்லிவிடாதீர்கள், அவர் நேராக என் மகளிடம் சொல்லிவிடுவார்.

ஆகவே மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாதியில் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்குமாம். எல்லாம் ஒழுங்காக, ஒரு குழப்பமும் இல்லாமல் நடக்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் ஆசியில் பாதியைப் பெரியவளுக்கும் பாதியைச் சின்னவளுக்கும் அனுப்புங்கள். அது மாறிப் போனாலும் பரவாயில்லை.

என்றும் உங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் மகன் சீக்கிரமே வேலையிலிருந்து வந்து, ஆசையாக இருவரையும் குளிப்பாட்டி உடை மாற்றினார். வரும் வழியில் வாங்கிய இன்னொரு ஜோடி சிவப்புக் காலுறையையும் சேர்த்து இருவருக்கும் மாட்டிவிட்டிருக்கிறார். "ஒருத்திக்கு மட்டும் போட்டா இன்னொருத்தி பாவம் இல்லையா மாமா?" என்கிறார். நியாய உணர்வு உங்கள் குடும்பத்துச் சொத்து, குறை சொல்ல மாட்டேன். எது யார் என்று மெதுவாகக் கேட்டேன். இமையை உற்றுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அத்தைக்குத் தெரியுமே" என்றார். அத்தைக்கும் தெரியவில்லை. சந்தேகம் இருக்கும்வரை மருந்து கிடையாது என்று புட்டியை மூடிவிட்டோம். மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் படியேறுவதற்குள் தெரிந்தாக வேண்டும். ஆனால் இருவரும் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, நான்கு கண்களையும் ஒன்றுபோல் அகலத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காலமெல்லாம் பிள்ளைகளின் அழுகையை நிறுத்தியே பழகிய நான், யாராவது ஒருத்தி அழமாட்டாளா என்று எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.