படத்தில் இல்லாத வழுக்கை

"நம்ம படத்துல பாப்கார்னே கிடையாதே?" என்றாள் கார்லா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் கணவன் வெர்னுக்கும் அதுதான் விளங்கவில்லை. அவன் இயக்கிய முதல் படத்தில், உறைந்த ஏரி மேல் ஒரு குடிசைக்குள் இரண்டு கிழவர்கள் தூண்டில் போட்டபடி பேசுவார்கள், அவ்வளவுதான். மாமனாரின் மெத்தைக் கடையில் லீவு சொல்லிவிட்டு, கைக்காசைப் போட்டு எடுத்தது. ஓடாவிட்டால் மறுபடி மெத்தை விற்கப் போக வேண்டியதுதான். ஆனால் டுலூத் நகரமே நடுங்கும் விமர்சகர் க்ளோஸ் இப்படி எழுதியிருந்தார்:

"பாப்கார்ன் வரிசையை மேலிருந்து காட்டும் அந்த நீண்ட காட்சி! முண்டியடித்து முன்னால் வந்து, இன்னும் வெண்ணெய் ஊற்றச் சொல்லி மல்லுக்கு நிற்கும் அந்த வழுக்கைத் தலையர்! மனிதப் பேராசையை இப்படித் தோலுரித்த நடிகரை நான் கண்டதில்லை."

"தூங்கிப்போய்க் கனவு கண்டிருக்காரு. போன் போட்டு உண்மையைச் சொல்லிடு" என்றாள் கார்லா.

"சொன்னா பாராட்டை வாபஸ் வாங்கிடுவாரே!"

வெர்ன் போனைத் தொடவே இல்லை. அன்று மாலையே தியேட்டர் நிரம்பி வழிந்தது. படம் முடிந்ததும் கூச்சலும் நிரம்பி வழிந்தது.

"வழுக்கை எங்கய்யா?"

தியேட்டர் முதலாளி ஆர்லோ வெர்னை ஓரங்கட்டினார். "நாளைக்கு வழுக்கை வரணும். இல்லன்னா உன் படத்தைத் தூக்கிடுவேன்."

மறுநாள் காலை, தியேட்டரின் பாப்கார்ன் கடை முன்னாலேயே படப்பிடிப்பு. கடைக்காரி மார்லிஸ் தங்கை வீட்டுக்கு லீவில் போயிருந்ததால் கார்லா அந்த வேடம் போட்டாள். வழுக்கைக்குத்தான் ஆள் சிக்கவில்லை. மைத்துனன் தலையில் கைவைக்க விடமாட்டேன் என்று ஓடிவிட்டான். வேறு வழியின்றி வெர்ன் தன் சுருட்டை முடியையே மழித்துக்கொண்டான்.

"இதை மீன் கதையில எங்க செருகுவ?" கார்லாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒரு கிழவர் கனவு காண்றாருன்னு வெச்சுக்கலாம்."

ஆச்சரியம், அன்று மாலைக் காட்சியில் கூட்டம் கைதட்டியது. ஆனால் வினை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. படம் ரொம்பப் பிடித்துப்போய் க்ளோஸ் இரண்டாம் முறை பார்க்க வந்திருந்தார்! முகம் சிவக்க வெளியே வந்தவர் வெர்னைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், இது வேற தலை! அந்த மகா நடிகரை ஏன்யா வெட்டின? சம்பளத் தகராறா? நாளைக்கே கிழிச்சு எழுதறேன் பாரு!"

வெர்னின் கண்முன் மெத்தைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

அந்நேரம் பார்த்து, லீவு முடிந்து வந்த மார்லிஸ் கடையைத் திறந்தாள். க்ளோஸ் அவளைப் பார்த்தார். கோபமெல்லாம் பறந்துவிட்டது.

"நீங்கதானே அந்த நடிகை! என்ன இயல்பு! என்ன சகிப்பு!" தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "உங்களோட நடிச்ச அந்த மேதை யாரும்மா? நீங்களாவது சொல்லுங்க."

மார்லிஸ் அவருடைய பளபளத்த உச்சந்தலையைக் கூர்ந்து பார்த்தாள்.

"அது சினிமாவே இல்லீங்க. நான் லீவுல போறதுக்கு முன்னாடி ஒருநாள் மத்தியானம் இவர் படத்துக்கு ஒருத்தரும் வரல. அதனால படத்தை நிறுத்திட்டு, முந்தின நாள் என்கிட்ட வெண்ணெய்க்குச் சண்டை போட்டது யாருன்னு பார்க்க, கடைக் கூரையில இருக்கிற கேமரா பதிவைப் பெரிய திரையில போட்டேன். அப்பதான் நீங்க இருட்டுல வந்து உட்கார்ந்திருப்பீங்க. அந்த மேதை நீங்கதான் சார்!"