சுவருக்குப் பூச்சி யாருடையது?

நகரி ஆந்திராவிலேயே நிற்குமா, சென்னைப் பக்கம் போகுமா என்று 1956இல் ஊரே கவலைப்பட்டது. என் கவலை வேறு. என் வீட்டு அடுப்படிச் சுவர் பக்கத்து வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கட்டி இரண்டு வருஷம் ஆகவில்லை. பதினேழு விரிசல். சாக்குக்கட்டியால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தேன். நெல் மண்டியில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன் நான். கட்டிய மேஸ்திரி பாலையாவைக் கோர்ட்டில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். பாலையா என் மனைவி அம்சவேணிக்குப் பெரியப்பா மகன். இருக்கட்டும். சட்டத்துக்கு மச்சான் கிடையாது.

“மேஸ்திரி மேல கேஸ் போடப் போறேன்.”

“மொதல்ல செவுரைக் கட்டுங்க, அப்புறம் எது வேணா போடுங்க. ஒரு கண்ணு உலையில, ஒரு கண்ணு செவுத்துல வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு நான் சோறாக்கறது?”

“பதினேழு விரிசலுக்கும் அவருதான் பதில் சொல்லணும்!”

“பதினெட்டு. நீங்க குளிச்சிக்கினு இருக்கச்சே ஒண்ணு வுட்டுச்சு.”

எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுதான். கோபம் இன்னும் ஏறியது.

ஒப்பந்தப் பத்திரத்தோடு சித்தூருக்குப் பஸ் ஏறினேன். புதியவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். வக்கீல் வேதாச்சலம் அதைக் கேட்கவே இல்லை. பத்திரத்திலிருந்த தெலுங்கைப் படித்தார்.

“‘கோடகு ஐதேண்ட்லு பூச்சி யஜமானிதி.’ சுவருக்கு அஞ்சு வருஷம் பூச்சி வீட்டுக்காரருடையது. தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“தெரியும் சார். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. சம்சாரம் பலமனேர்க்காரி, படிச்சுச் சொன்னா. கரையானுக்கு மேஸ்திரி என்ன பண்ணுவார் பாவம்? நம்ம வீட்டுப் பூச்சி நம்மோடதுன்னு நான்தான் பெருந்தன்மையா…”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, தெலுங்குல பூச்சின்னா பொறுப்பு. சுவர் விழுந்தா கேஸ் உங்க மேலதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்னா நானே எழுதித் தருவேன்.”

வீட்டுக்கு வந்ததும் கூச்சம் போய்விட்டது.

“பூச்சின்னா பொறுப்புன்னு ஏண்டி சொல்லலே?”

“எங்க சொல்ல வுட்டீங்க? பூச்சின்னு படிச்சேன். ‘என்னோடதுதான்’னு பேனாவைப் புடுங்கினீங்க. அண்ணன் மூணடி அஸ்திவாரம் கேட்டாரு. ரெண்டடி போதும்னது யாரு? சுண்ணாம்புல நாலு மூட்டை கொறைச்சது யாரு?”

“அஞ்சு மூட்டை,” என்றேன். கணக்குத் தப்பக் கூடாது.

“அதான் பயந்துக்கினு அப்பிடி எழுதச் சொன்னாரு.”

“சரி, மறுபடியும் அவரே கட்டட்டும். இந்தத் தடவை பூச்சி அவர் மேல. பத்திரத்துல எழுதியாகணும். இதுல நான் மசிய மாட்டேன்.”

“எழுதிட்டாப் போச்சு,” என்றாள்.

மறுநாளே புதுப் பத்திரம் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் கேட்டேன். நான்கு தடவை சரிபார்த்தேன். ஐந்து வருஷமும் பூச்சி மேஸ்திரியுடையது! கீழே ஒரே ஒரு நிபந்தனை: வேலை முடியும்வரை வீட்டுக்காரர் நகரியில் இருக்கக் கூடாது. ஜெயித்த சந்தோஷத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

பலமனேரில், மாமியார் வீட்டில், எனக்கு இன்று பன்னிரண்டாம் நாள்.