அகில ராயபுரம் வாய்ப்பு நிர்ணய சபை

ஒரு மாணவிக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை, விண்ணப்பமே போடாமல் கண்டுபிடித்துச் சொல்லும் மகத்தான ஸ்தாபனம் உலகத்திலேயே முதன்முதலாக ராயபுரத்தில்தான் தோன்றியது. லண்டனில் அப்படி ஒன்று இல்லை. பாரிஸில் இல்லை. நம் மதராஸிலேயேகூட மயிலாப்பூர்ப் பக்கம் இல்லை. அங்கெல்லாம் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் காட்டுமிராண்டி வழக்கமே நடந்துகொண்டிருந்தது.

"அகில ராயபுரம் மருத்துவக் கல்லூரிப் பிரவேச வாய்ப்பு நிர்ணய சபை" என்பது அதன் திருநாமம். ரயிலடிக்கு எதிரே ஒரு சலூனின் மாடியில் அது இயங்கியது. அணைக்கட்டுக்கு ஒரு கமிட்டி, அரிசிக்கு ஒரு கமிட்டி என்று தேசம் முன்னேறிக்கொண்டிருந்த காலம். டாக்டர் படிப்புக்கு மட்டும் கமிட்டி இல்லாதது சுதந்திர இந்தியாவுக்கே இழுக்கு என்று தலைவர் அருள்பிரகாசம் கருதினார். அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் பேப்பரை நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் விஷயம் தலைக்கு ஏறாது என்பது அவர் கொள்கை.

உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் வண்ணாரப்பேட்டை ஹுமாயூன், கிண்டிக் குதிரைப் பந்தய நிபுணர். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்வார். அது ஏன் ஜெயிக்கவில்லை என்று சாயங்காலம் அதைவிட நன்றாகச் சொல்வார். இன்னொருவர் வியாகுலம்மாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். சபையில் டாக்டர்களை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் ‘மருத்துவ ஆலோசகர்’ பதவி அவருக்குப் போயிற்று.

இப்பேர்ப்பட்ட சபையின் படியில் ஒருநாள் ஏறி வந்தார் ஜெயவேல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய மகள் மங்கை இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். தேறியவள் சும்மா இருந்தாளா? தானே போய் மருத்துவக் கல்லூரி விண்ணப்பப் பாரத்தை வாங்கி, தானே பூர்த்தி செய்து, "ஒரு கையெழுத்துப் போடு நைனா, நடந்தே போயிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று நீட்டினாள். கல்லூரி அவ்வளவு பக்கம்.

ஜெயவேல் துறைமுகத்தில் தூக்காத பாரமில்லை. ஆனால் இந்தப் பாரத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்புக் கொக்கி அவர் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் அதுவரை ஜெயவேலை ஏய் என்றும் யோவ் என்றும் அழைத்ததுண்டு, ‘ங்க’ போட்டதில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் வலி என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டாள். நம் மங்கையும் ஒருநாள் எவனோ ஒரு கூலிக்காரனின் காலைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் மனசில் ஓர் ஆசை விழுந்தது. அவ்வளவு பெரிய ஆசையைத் தன்னுடைய கோணல் கையெழுத்தை நம்பி அனுப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பாரத்தையும் மகளையும் அழைத்துக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார்.

சபையின் முறை விஞ்ஞான ரீதியானது. வாய்ப்பை அணாக் கணக்கில் அளப்பார்கள். பதினாறணா என்றால் பூரண வாய்ப்பு. ஹுமாயூன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொண்ணு ஒசரம் இன்னா?"

"என் தோளு வரிக்கும் வரும் பாய்" என்றார் ஜெயவேல்.

"ஈரத் தரையில எப்புடி?"

"மழ பேஞ்சா செருப்பக் கையில எடுத்துக்கினு நடக்கும்."

"தாய் வழியில யாராச்சும் ஜெயிச்சிகீறாங்களா?"

ஜெயவேல் யோசித்தார். "அவுங்கம்மா எங்கிட்ட ஒரு தபா கூடத் தோத்ததில்ல பாய்."

ஹுமாயூன் திருப்தியோடு தலையை ஆட்டினார். மங்கைக்குப் பொறுக்கவில்லை. "என் மார்க்கப் பாக்கலியா சார்?" என்று தலைவரைக் கேட்டாள்.

"மார்க்கு எல்லாரிடமும் இருக்கிறதம்மா. நாங்கள் பார்ப்பது வாய்ப்பு."

"மார்க்க வெச்சித்தானே சார் வாய்ப்பு?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். பிறகு, விண்ணப்பதாரரின் வாய்ப்பு பதினொன்றரை அணா என்றும், குறுக்கே பேசியதற்காக அரையணா கழித்துப் பதினோரணா என்றும் தீர்ப்பாயிற்று.

"பதினோரணான்னா இன்னா அர்த்தம் சார்?" என்றார் ஜெயவேல், பயந்துகொண்டே.

"பதினாறணா என்றால் சீட்டு நிச்சயம். பதினோரணா என்றால், கிடைத்தால் நிச்சயம்."

அந்தப் பதிலின் ஆழத்தைக் கண்டு ஜெயவேலுக்குப் புல்லரித்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று எண்ணிக்கொண்டார்.

அடுத்து, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்ற பிரச்னை. இதற்குப் பல கூட்டங்கள் தேவைப்பட்டன. கல்லூரிகளைக் கனவுக் கல்லூரி, கைக்கெட்டும் கல்லூரி, ஆறுதல் கல்லூரி என்று மூன்றாகப் பிரித்தது சபையின் அழியாத சாதனை. கனவுக்குத் தலைவர் ரங்கூனைச் சிபாரிசு செய்தார். அங்கே கல்லூரி எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கப்பல் ஒழுங்காகப் போகும் என்று தெரியும். விசாகப்பட்டினத்தின் பெயர் அடிபட்டபோது, "நம்மைவிட்டுப் பிரிந்து ஆந்திராவோடு போன ஊரிடம் போய் இடம் கேட்பதா?" என்று தன்மானத்தோடு நிராகரித்தார். ஆறுதலுக்கு ஹுமாயூன் ஒரேயடியாக மாட்டு டாக்டர் படிப்பு என்று நின்றார்.

"மன்சனுக்கு நோவு வந்தா வாயத் தொறந்து சொல்லிருவான் மாமு. குதிர சொல்லுமா? போன மாசம் ஒரு செவலக் குதிர, நல்லாத்தான் இருந்திச்சி. பாதியில நொண்டிச்சி. நான் பேஜாராப் பூட்டேன். அதுக்குன்னு ஒரு டாக்டர் வோணாவா?"

"வூட்டாண்ட கீற காலேஜுக்கே போட்டா இன்னா?" என்று மங்கை கேட்டாள்.

"நடந்து போகிற தூரத்தில் இருப்பதைக் கல்லூரி என்று சொல்லலாமா என்பதே பரிசீலனையில் இருக்கிறது" என்றார் தலைவர். அதைப் பரிசீலிக்க ஒரு உபகமிட்டி அமைந்தது. அதிலும் அதே மூன்று பேர். பாரம் பத்திரமாக இருக்கட்டும் என்று தலைவரின் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

"கடேசி தேதி சனிக்கெழம நைனா. ஒரு மணிக்கு மூடிருவாங்க" என்று மங்கை தினமும் சொன்னாள். "பெரியவங்க பாத்துகினு கீறாங்கம்மா" என்று ஜெயவேலும் தினமும் சொன்னார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். முதலில் அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. கிரேன் மேல் உட்கார்ந்திருக்கும்போது அந்த மௌனம் மட்டும் கூடவே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சகல கோணங்களிலும் ஆராய்ந்து, வீட்டருகே உள்ள கல்லூரிக்கே விண்ணப்பிப்பது என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. மறுநாள் காலையில் மூவரும் பெட்டியிலிருந்து பாரத்தை எடுத்து ஜெயவேலிடம் கொடுத்து, அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மங்கை கிளம்பியபோது ஹுமாயூன் தடுத்தார். "ரேஸ் அன்னிக்குக் காலையில குதிரைய அலைய வுட்டா களைச்சிப் பூடும்மா. நீ வூட்லயே இரு."

மருத்துவக் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே காம்பவுண்டு. வாசல்தான் வேறு வேறு. வியாகுலம்மாளுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான். அதன் வழியே விறுவிறுவென்று அழைத்துப் போனார். உள்ளே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை.

"சீட்டு இங்கதானே குடுக்குறாங்க?" என்று கேட்டார்.

"இங்கதான். வரிசையில நில்லு" என்றான் சேவகன்.

நின்றார்கள். வரிசையில் ஒருவன் தலையில் கட்டுப் போட்டிருந்தான். இன்னொருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹுமாயூன் நிபுணத்துவத்தோடு எல்லாரையும் அளந்தார். "போட்டி கம்மி மாமு. இவனா படிக்கப் போறான்? நிக்கவே முடியல. நம்ம பொண்ணுக்கு இப்பவே பதிமூணணா ஆச்சு."

முன்னால் நின்ற கிழவர் இருமிவிட்டு, "மூணு வருசமா வந்துகினு கீறேம்பா, ஒண்ணியும் ஆவல" என்றார்.

"விடாமுயற்சி" என்று தலைவர் அவரை மனமாரப் பாராட்டினார்.

ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா நிமிராமலே கேட்டார். "பேரு?"

"மங்கை" என்றார் ஜெயவேல்.

"வயசு?"

"பதினெட்டுங்க."

"இன்னா தொந்தரவு?"

இதுதான் இண்டர்வியூ என்று தலைவர் புரிந்துகொண்டு முன்னால் வந்தார். "தொந்தரவு என்று சொல்லக்கூடாது. லட்சியம். டாக்டராக வேண்டும் என்கிறாள்."

குமாஸ்தா இப்போது நிமிர்ந்தார். "எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமாங்க" என்றார் ஜெயவேல்.

"தூக்கம்?"

"ஏதுங்க? ராவெல்லாம் முழிச்சிகினுதான் இருக்கும்."

"சோறு துண்ணுதா?"

"மறந்துருமுங்க."

"தனியாப் பேசிக்குதா?"

"ஒடம்புல கீற எலும்பு பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிகினே இருக்குமுங்க" என்றார் ஜெயவேல் பெருமையாக.

குமாஸ்தா அவரை மிகுந்த பரிவோடு பார்த்தார். எழுதினார். ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். "திங்கக்கெழம காலையில பொண்ண இட்டுகினு பதினேழாம் நம்பர் ரூமுக்கு வந்துருங்க. டாக்டரம்மா பாத்துட்டு அட்மிஷன் போட்டாலும் போடுவாங்க. மனசத் தளர வுடாதீங்க."

"இந்தப் பாரம்?" என்று ஜெயவேல் நீட்டினார்.

"அதெல்லாம் இங்க வாணாம்."

வெளியே வந்ததும் தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தீர்களா? நாம் போய் நின்றதும் விண்ணப்பமே தேவையில்லை என்றுவிட்டான். கையோடு சீட்டு. திங்கட்கிழமை அட்மிஷன்."

நேராக வீட்டுக்குப் போயிருந்தாலும் நேரம் இருந்தது. ஆனால் சபை நன்றி மறவாதது, மதச்சார்பும் அற்றது. வியாகுலம்மாளுக்காக மாதா கோயில், ஹுமாயூனுக்காகத் தர்கா, ஜெயவேலுக்காக அம்மன் கோயில். அம்மனுக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் ஒரு மணிச் சங்கு ஊதியது. நல்ல சகுனம் என்றார் தலைவர்.

வீட்டு வாசலில் மங்கை நின்றிருந்தாள். ஜெயவேல் சீட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"நைனா, இது நோயாளிக்குக் குடுக்கற சீட்டு. எனக்கு நரம்புக் கோளாறு, டாக்டராவணும்னு பிதற்றல்னு எழுதிகீது."

அவள் அழவில்லை. அவர் கையில் கசங்கியிருந்த பாரத்தை வாங்கி, நீவி, நான்காக மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வருஷம் போயிற்று, அதுவும் தன்னால்தான் போயிற்று என்று ஜெயவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. கொக்கி விழுந்த அன்றைக்குக்கூட அப்படி வலிக்கவில்லை.

தலைவரிடம் விஷயம் போயிற்று. அவர் அதற்குள் சலூன் மாடிப் பலகையில், "இவ்வாண்டு விண்ணப்பம்: ஒன்று. சீட்டு: ஒன்று" என்று எழுதி முடித்திருந்தார். "சீட்டு என்றால் சீட்டுதான். அதில் வகை பிரித்துப் பார்ப்பது குறுகிய மனப்பான்மை" என்று விளக்கினார்.

திங்கட்கிழமை காலையில் மங்கையே புறப்பட்டாள். "சீட்டு வாங்கிட்டமே நைனா, வா, போவலாம்." பின்னாலேயே சபையும் மாலையோடு வந்தது. பதினேழாம் நம்பர் அறையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஜெயவேலின் காலைப் பிடித்தவர் இல்லை, வயதானவர். ஆனாலும், "உக்காருங்க. யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று இவரும் ‘ங்க’ போட்டுத்தான் கேட்டார். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

மங்கை நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மடித்த பாரத்தை வாங்கிப் பிரித்து, மார்க்குகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சனிக்கிழமையே கொடுத்திருக்கலாமேம்மா. இனி அடுத்த வருஷம்தான்" என்றார்.

"அடுத்த வருஷத்துக்கு நாளையே கூட்டம் போட்டுவிடுகிறோம்" என்றார் தலைவர்.

டாக்டரம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "சீட்டு போட்டாச்சு. நான் ஏதாவது எழுதணும். இதிலே நோயாளி யாரு?"

"சீட்டு எம்பேர்ல கீதுங்க டாக்டர்" என்றாள் மங்கை. "நோவு இவங்களுக்கு. தொத்து நோவு. எங்க நைனாவுக்கும் ஒட்டிகிச்சு."

"மருந்து நீயே சொல்லேன்."

"அடுத்த வருசம் பாரம் குடுக்கற தேதி முடியற வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுங்க."

டாக்டரம்மா அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜெயவேல் அந்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார். மறு வருஷம் மங்கை பாரத்தை நீட்டியபோது ஒரு வார்த்தை பேசாமல் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அவள் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு, உலை கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

சபைக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. பலகையில் "சீட்டு: ஒன்று" என்ற வரி அழியாமல் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கையில் பிள்ளைகளின் பாரத்தோடு மாடிப்படியில் பெற்றோர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அது எந்தச் சீட்டு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை; கேட்கக்கூடிய பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள்.