ஐந்து வண்டி, ஆறு வேலை

அரைகுறையாகப் படித்தவனால் கல்யாண வீட்டுக்குப் பெரிய கேடு வராது. ஆராய்ச்சி செய்கிறவனால் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அதை நிரூபித்தேன்.

அப்போது சென்னையில் கணிப்பொறிக்கு ஒரு மொழி உருவாக்கிக்கொண்டிருந்தேன். நூறு எண்களோடு நூறு எண்களைக் கூட்ட, ஒவ்வொரு ஜோடியாகச் சொல்ல வேண்டாம். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒரு கூட்டல் குறி போதும். முதலாவது முதலாவதோடும், இரண்டாவது இரண்டாவதோடும் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு வரிசை குட்டையாக இருந்தால்? "இயந்திரம் நின்று, தப்பு என்று சொல்லட்டும்" என்றார் பேராசிரியர். "குட்டை வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டும்" என்றேன் நான். (அந்த அழகில் மயங்கி இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

அதே மயக்கத்தோடு தங்கை கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை வந்தேன். அப்பா வண்டிப் பொறுப்பை என்னிடம் விட்டார். இடப்பக்கம் ஆறு வேலை, வலப்பக்கம் ஐந்து வண்டி எழுதினேன். முதல் வேலை, மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வருவது. அதற்கு முதல் வண்டி, பிளசர் கார். ஆறாவது வேலை, வீரசோழனில் வாடகைக்குச் சொல்லியிருந்த சமையல் அண்டாவை எடுத்து வருவது. ஆறாவது வண்டி இல்லை. விதிப்படி மறுபடி முதல் வண்டி! டிரைவர் கருப்பையாவிடம் சீட்டைக் கொடுத்து, "ரெண்டு வேலையும் முடியாம மண்டபத்துல நிக்காதீக" என்று வேறு சொல்லிவைத்தேன்.

கருப்பையா சொல் தட்டாதவர்.

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஏழு மணிக்குக் கார் தெரிந்தது. நாதஸ்வரம் எழும்பியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடினார்கள். கார் எங்கள் எல்லோரையும் தாண்டி, திருச்சுழி சாலையில் போய் மறைந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

"ஏலே, மாப்பிள்ளைய எங்கலே கொண்டு போறான்?" என்றார் அப்பா.

"அண்டா எடுக்க."

அப்பா என்னை அடிக்கவில்லை. சுற்றிலும் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள்.

எட்டு மணி. பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எம் மகன் தாலி கட்ட வந்தானா, அண்டா தூக்க வந்தானா? ஒம்பது அடிக்கட்டும். அடுத்த பஸ்ஸுக்கு நாங்க கெளம்பிருவோம்."

எட்டரை. மணப்பெண் அறை வாசலில் தங்கை. "அண்ணே, இது நின்னு போச்சுன்னா சாகுற வரைக்கும் ஓங்கூடப் பேச மாட்டேன்." அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாலைக்கு ஓடினேன். புழுதி கிளம்பியது: பருத்தி லாரி. மறுபடி புழுதி: ஆட்டு மந்தை. எட்டு ஐம்பதுக்கு வந்த புழுதியில் கார் இருந்தது. பின் சீட்டில் ஒரு பெரிய அண்டா. அதற்கு மேலே மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. மாலை கசங்காமல் இருக்கட்டும் என்று அண்டாவுக்குள் வைத்திருந்தார்.

"எங்க போறோம்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா மாப்ளே?" என்றேன்.

"குலசாமி கும்பிடக் கூட்டிட்டுப் போறாகன்னு நெனச்சேன் மச்சான். அண்டாவப் பாத்ததும், பொங்கல் வைக்கத்தான்னு உறுதியாயிருச்சு."

எட்டு ஐம்பத்தாறுக்குத் தாலி ஏறியது. அண்டாவைப் பிடித்துவந்த கையோடு மாப்பிள்ளை தாலி கட்டியதில், தங்கையின் கழுத்தோரம் அண்டாக்கரி அப்பியிருப்பதைக் கல்யாணப் போட்டோவில் இன்றும் பார்க்கலாம்.

சென்னை திரும்பியதும் விதியை மாற்றினேன். வரிசைகள் சமமாக இல்லாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். காரணம் கேட்ட பேராசிரியரிடம், "அண்டா, சார்" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். எனக்குக் கார் ஏற்பாடு செய்தவர் தங்கை மாப்பிள்ளை. கதவைத் திறந்தேன். பின் சீட்டில் ஓர் அண்டா உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை எவரும் அண்டா இல்லாத காரில் ஏறியதில்லை. இளசுகளைக் கேட்டால், தலைமுறை தலைமுறையாக வரும் முறை என்கிறார்கள்.