அலையில்லாத ஏரியில் என் இளமை

பிறந்த தேதியைத் திருத்த மனுப் போடுகிறவர்களில் பாதிப்பேர் வீண் ஆசைக்காரர்கள். தாலுகா அலுவலகத்தில் பணிக்காலம் முழுக்க அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தவன் சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் அதே மனுவை நான் என் உடம்பிடமே போட்டேன்.

காரணம் ஒரு பத்திரிகைக் கட்டுரை. துத்தநாகம், செம்பு, இரும்பு எல்லாம் உடம்பில் இம்மியளவு இருக்க வேண்டுமாம். குறைந்தால் சான்றிதழ் வயதை உடம்பு முந்திக்கொண்டு ஓடுமாம். (அந்த ‘இம்மியளவு’ மட்டும் என் கண்ணில் படவில்லை. அடிக்குறிப்பைக்கூட விடாதவன் என்று எனக்குப் பெயர்.)

மகளுக்கு, ஏரி நடுவே படகில் மட்டுமே போகக்கூடிய மீனவ ஊரான பசியாவரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தார். சம்பந்தி என்னைவிட மூத்தவர். பெண் பார்க்க வந்த இடத்தில் என்னை அவருடைய அண்ணனா என்று ஒருவர் கேட்டுவிட்டார். நிச்சயதார்த்தத்துக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீர் நல்லது என்பார்கள். புளிப்பு பட்டால் செம்பு சீக்கிரம் கரையும் என்ற பள்ளிக்கூட வேதியியல் எனக்கு நினைவுக்கு வந்தது. எலுமிச்சம்பழச் சாற்றை ஊற்றி வைத்தேன். நிச்சயத்தன்று காலை வெறும் வயிற்றில் அதைக் குடித்து, மேலே ஒரு துத்தநாக மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

எங்களை அழைத்துப்போகச் சம்பந்தியே படகு கொண்டுவந்தார். ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கரை நெருங்கும்போது தாம்பூலத் தட்டை மனைவி மடியில் தள்ளிவிட்டு, படகோரம் குனிந்து வாந்தி எடுத்தேன்.

“இன்னா சம்மந்தி, அலையே இல்லியே,” என்றார் அவர்.

கரையில் நின்ற அவருடைய அக்கா அவ்வளவையும் பார்த்துவிட்டார். “கடலோரம் லைட்ஹவுஸ் குப்பத்துல பொறந்தவருன்னு சொன்னாங்க. ஏரித் தண்ணிக்கே வாந்தி எடுக்குறாரு. நெசமா நம்ம ஜனம்தானா? இல்ல, சீக்கு எதுனா மறைக்கிறாங்களா?”

தட்டு மாற்றுவது நின்றது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊருக்கெல்லாம் சாதிச் சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதியவன், என் ஜனத்தை நிரூபிக்க வாய் திறந்தேன். மறுபடியும் வாந்திதான் வந்தது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “சீக்கெல்லாம் இல்லக்கா. சம்மந்தியவிட எளசாத் தெரியணும்னு, செம்புக் கொடத்துல எலுமிச்சம்பழச் சாறு ஊத்தி வெச்சுக் குடிச்சிட்டு வந்துகீறாரு.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னும் ரெண்டு மடக்கு குடிச்சிருந்தா தூளி கட்டணும்போல.”

கரையே சிரித்தது. தட்டு மாறியது. என் மானம் ஒன்றுதான் ஏரியோடு போனது.

பசியாவரத்தில் இன்றும் எனக்கு மட்டும் தண்ணீர் பிளாஸ்டிக் குவளையில்தான் வரும். படகில் கால் வைத்ததும் சம்பந்தி கேட்பார்: “இன்னிக்கு எத்தினி வயசு, சம்மந்தி?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.